வயது வந்தோர் பட்டப்படிப்பு
(கோவிற்பட்டியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மன்றத்தில் மதிப்பெண் மிகப் பெற்ற சிறார்க்குப் பரிசளித்து மகிழ்கின்றோம். அது வேண்டற்பாலதே. ஆயின், அச்சிறாரை அழைத்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னையரைச் சற்றே திரும்பி நோக்குங்கள். அவருட் பலர் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றவர். இரண்டாண்டு மழை பொய்த்தால் கரிசற்காட்டில் முதலில் நிறுத்தப்பட்டது பெண்மகவின் படிப்பேயன்றோ? இன்று அவர்க்கு வயது 35, 40 ஆயிற்று. அவர் மீண்டும் கற்க வழியுண்டா, உண்டெனின் அவ்வழியிற் கிடக்கும் முட்கள் யாவை என்பதே யாம் பேசப் புகுந்த பொருள். குறட்பாக்களை அடுக்கிக் கல்வியின் பெருமை கூற யாம் வந்திலோம். அது நீங்கள் அறிந்ததே.

வீட்டிலிருந்தே பயின்று தேர்வெழுதுதல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. 1901-ஆம் ஆண்டிற் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூவகைத் தேர்வுகள் நடத்திற்று. இங்கிலாந்தில் 1969-இல் நிறுவப்பெற்று 1971-இற் பாடந் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் முன்தகுதி கேளாமலே வயது வந்தோரைச் சேர்த்துக்கொண்டது. வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வகுப்பறைகளாயின. அவ்வகையில் ஆந்திரத்தில் 1982-இலும், தில்லியில் இந்திரா காந்தியார் பெயரால் 1985-இலும், நம் தமிழ்நாட்டில் 2002-இலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இந்நாளில் இணையவழியாகவே முழுப் பட்டமும் அளிப்பன பல. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பளித்த நிறுவனத்தில், ஏற்பளித்த படிப்பில் பெற்ற பட்டமாயின், அது கல்லூரிப் பட்டத்தோடு ஒப்பதென்று 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மருத்துவம், செவிலியம், சட்டம் ஆகியவற்றை இவ்வழியே கற்பிப்போம் என்பாரை நம்பற்க.

‘திறந்த’ என்னும் சொல்லே நம்மவர் சிலரை மயக்கிற்று. பள்ளியிறுதி தேறாதாரை ஆயத்தப் பயிற்சியொன்றின் பின் பட்டப்படிப்பிற் சேர்த்தலும், சிலவிடத்து முதற்பட்டமின்றியே முதுகலைப் பட்டம் வழங்கலும் முன்னர் நிகழ்ந்தன. 2009-இல் உச்ச நீதிமன்றம், முதற்பட்டம் பெறாது நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாதெனத் தீர்த்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்னும் முறையிற் பயின்றார்க்கே அரசுப் பணியென்று தமிழக அரசும் அவ்வாண்டிலேயே ஆணையிட்டது. அறிவு பெறுதற்கே படிப்பார்க்கு எவ்வழியும் நன்று. அரசுப் பணியோ பணியுயர்வோ கருதுவார், தனித்தேர்வராக முதலிற் பத்தும், பின்னர்ப் பன்னிரண்டும் தேறிய பின்னரே பட்டப்படிப்பில் இறங்குக. சில ஆண்டுகள் மிகையாகும், ஆகுக. கூரையை முதலில் வேய்ந்து சுவரைப் பின்னர் எழுப்புவார் உண்டோ?

‘இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடியாதவர். புதுவைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமரவில்லையா?’ என வினவுவார் இவ்வூரில் உளர். அமர்ந்தார், மெய்யே. அவர் ஒருவர், நம் தெருவில் இருப்பார் நூற்றுவர்.

இனிச் சேர்க்கையைக் குறித்துச் சொல்வோம். யாம் அறிந்த சகோதரி ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேறி இருபதாண்டு கழிந்தபின் பி.ஏ. தமிழிற் சேர விழைந்தார். கணினிக் கடைக்காரர் ஒருவர் விண்ணப்பத்தை நிரப்பினார். தம் கைபேசி எண்ணையும் தம் மின்னஞ்சலையுமே அதிற் பதிந்தார். கட்டணம் சென்றது, புத்தகங்களும் தபாலில் வந்தன. அதன்பின் பல்கலைக்கழகம் விடுத்த செய்திகளெல்லாம் அக்கடைக்காரர் கைபேசிக்கே போயின. ஒப்படைப்புக்குக் கடைசி நாள் எது, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் எது என ஒன்றும் அவர் அறியார். ஓராண்டு சென்றபின், ‘எனக்குப் படிப்பு வரவில்லை’ என்று சொல்லி நூல்களைப் பரண்மேல் ஏற்றினார். படிப்பா வராமற் போயிற்று? செய்தியல்லவோ வராமற் போயிற்று!

பெயராலும் இடர் உண்டு. 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளிற் சேர்வார் மானியக் குழுவின் டெப்-ஐடி என்னும் எண் பெறல் வேண்டும். அதற்கு ஆதாரைக் கொண்டு தொடங்கும் ஏபிசி கணக்கு வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தந்தையார் பெயரின் முதலெழுத்து. ஆதாரிலோ கணவர் பெயர். ஓரிடத்து ‘லட்சுமி’, பிறிதோரிடத்து ‘லக்ஷ்மி’. இத்தகைய வேறுபாடு சேர்க்கையைத் தடுத்து நிறுத்தும். கட்டணம் செலுத்துமுன் இதனைத் திருத்திக்கொள்ளுதல் நலம்.

சேர்ந்த பின்னரே பெரும்பாலார் தளர்கின்றனர். சான்றாக இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பொதுவாக 100-க்கு 30 பங்கு வீட்டிலெழுதி விடுக்கும் ஒப்படைப்புக்கு. 70 பங்கு ஆண்டிறுதித் தேர்வுக்கு. முதலாண்டுத் தேர்வை எழுதினும் எழுதாவிடினும் அடுத்த ஆண்டுக்கு உரிய நாளில் மறுபதிவு செய்தல் வேண்டும். இஃதறியாது நின்றுவிட்டவர் பலர். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டி முடிக்க இடமுண்டு. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். டிசம்பர் என்பது நமக்குக் கார்த்திகை, மார்கழி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் ஆளைக் கேட்கும் காலம். காட்டுவேலை உள்ளவர் அப்பருவத்தில் ஒன்றிரண்டு தாளே எழுதி, எஞ்சியவற்றை வேனில் கழிந்த ஜூனுக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை தாள் எழுதுவதென்பது மாணவர் விருப்பமே. இச்சலுகையைச் சொல்லித்தர அருகில் ஓர் ஆள் இல்லை என்பதே குறை. பயிற்சி மையத்து ஆலோசனை வகுப்புக்குப் போகப் பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் இழக்கவேண்டும். மாமியார் முகமும் கோணும். அதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆதலின், செயற்குழுவின் முன் யாம் வைக்கும் விண்ணப்பம் இது. நம் கட்டடத்து மாடியறை ஞாயிற்றுக்கிழமைகளிற் பூட்டிக் கிடக்கின்றது. அலுவலகக் கணினி துணி போர்த்தி உறங்குகின்றது. இரண்டையும் இவர்க்குத் திறந்துவிடுக. கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர் இருவர் முறைவைத்து அங்கிருந்து, ஒவ்வொருவர் பெயர், பதிவெண், ஒப்படைப்பு நாள், மறுபதிவு நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து, நாள் நெருங்குமுன் வீட்டுக்கே சென்று சொல்லுக. பரிசு நிதியில் ஒரு பகுதியை ஏழை மகளிர் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்குக. பிற குலத்தார் படியேறி வரினும் தடுத்தல் கூடாது. தீப்பெட்டி ஆபீசில் ஒரே வரிசையில் அமர்ந்து வேலை செய்பவர் இங்கே வேறாவரோ?

செயற்குழு முடிவு செய்யும் வரை யாம் காத்திருக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் மாடிப்படியருகே இருப்போம். சேர விரும்புவார் பள்ளிச் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் எடுத்து வருக. கைபேசி தம்முடையதாக இருக்கட்டும்.