வாக்கு முறிந்தால் கோட்டை நிற்காது

(எடமலைப்பட்டி புதூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆட்சி அதிகாரம் பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே பாக்தாதுக்கும் டெல்லிக்கும் போய்விடுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் மலைக்கோட்டை. அந்தக் கோட்டை சொல்லும் பாடமே நமக்குப் போதும்.

1736-ல் திருச்சியை ஆண்டவர் மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசி மீனாட்சி. கணவரை இழந்தவர். ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாஹிப், அவருக்குப் பாதுகாப்பு அளிப்பதாகக் குர்ஆன் மீது சத்தியம் செய்தார். பிறகு கோட்டையைக் கைப்பற்றி அரசியைச் சிறை வைத்தார். அரசி விஷம் அருந்தி மாண்டார். துணியில் சுற்றியிருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்றும் சொல்வார்கள். செங்கல் என்றால் துரோகம் குறைந்துவிடுமா?

சந்தா சாஹிப் நம்மவர் என்பதற்காக இதை மறைக்கலாமா? கூடாது. சொந்தங்களுக்கே எதிராக இருந்தாலும் நீதியைச் சொல்லச் சொல்கிறது குர்ஆன் (4:135).

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1741-ல் மராட்டியர் கோட்டையைப் பிடித்து அவரைச் சதாராவில் சிறை வைத்தார்கள். விடுதலையாகி வந்து, 1749 முதல் முஹம்மது அலியோடு நவாப் பதவிக்கு மோதினார். இருவரும் முஸ்லிம்கள். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, மற்றவருக்கு ஆங்கிலேயன் துணை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் வழியின்றித் தவித்த சந்தா சாஹிப், உயிருக்கு உத்தரவாதம் தந்த தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போனார். தலை வெட்டப்பட்டது. சத்தியத்தை முறித்தவர், முறிந்த சத்தியத்தாலேயே மாண்டார்!

வென்ற முஹம்மது அலி என்ன செய்தார்? உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். தரவில்லை. மைசூர் எதிரியாயிற்று, போர் நீண்டது. கடனுக்கு மேல் கடன், ஈடாக நில வரி வசூல். வியாபாரிகளே, கடையை ஈடு வைத்துக் கடன் வாங்கினால் கல்லாவில் யார் உட்காருவார் என்று உங்களுக்குத் தெரியும். 1801-ல் கர்நாடக நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது.

இதோடு ஹுதைபியாவை வைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6. உடன்படிக்கை எழுதப்படும் நேரத்தில் அபூ ஜந்தல் (ரலி) விலங்கோடு தப்பி வந்து அடைக்கலம் கேட்கிறார். தோழர்களின் நெஞ்சம் கொதிக்கிறது. ஆனால் நபி (ஸல்) அவர்கள், பொறுமையாக இருக்கும்படி ஆறுதல் சொல்லி, ஒப்புக்கொண்டபடியே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். எவ்வளவு வலித்திருக்கும்! இரண்டே ஆண்டுகளில் மக்கா வசமானது. அந்த உடன்படிக்கையை முறித்தவர்கள் குறைஷிகள், முஸ்லிம்கள் அல்லர்.

வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என எச்சரிக்கிறது குர்ஆன் (17:34). யாருக்குக் கொடுத்த வாக்கு? முஸ்லிமுக்குக் கொடுத்தது மட்டுமா? அந்த வேறுபாடு அங்கே இல்லை.

இளைஞர்களே! நாளை ஜமாஅத் பொறுப்புக்கு, வார்டு தேர்தலுக்கு நிற்பீர்கள். மேடையில் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரிகளே! சொன்ன தேதியில் சரக்குக்குப் பணம் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும், பாய் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் சொல்லட்டும். கல்லால் கட்டிய கோட்டையை விட அந்தப் பெயர் உறுதியானது.

சொன்ன சொல்லைக் காப்பவர்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.