இல்லத்து இசைக்கூடம்



ஒரு பாடத்தைத் தொடங்குமுன், மாணவன் முன்னரே அறிந்திருப்பது யாது என்று வினவித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்பெற்ற முதல் விதி. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்று அதனைச் சொல்லுவர். 33 ஆண்டுகள் இவ்விதியைப் பிறர்பொருட்டுக் கையாண்ட நான், எனக்கென்று ஒரு பாடம் வந்தபோது அதனை மறந்துவிட்டேன். அம்மறதிக்குக் கொடுத்த விலையையும், பின்னர்க் கற்றுக்கொண்டவற்றையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கணிப்பொறியின் துணைகொண்டு வீட்டிலிருந்தே இசை அமைக்க விழைவோர், அதற்குரிய மென்பொருளையும் மெய்நிகர் இசைக்கருவிகளையும் எங்ஙனம் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பொருள்.

நான் இசைவாணன் அல்லேன். பயிற்சிப் பள்ளி விடுதியில் தோழர் ஒருவரிடம் ஆர்மோனியம் வாசிக்கக் கற்றேன், அவ்வளவே. அந்தச் சிறு அறிவைக் கொண்டு, தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காக மழை, ஆறு, திசைகள், வாய்பாடு என்று 11 பாடல்களை எழுதி மெட்டமைத்தேன். அவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பிள்ளைகளின் நாவிலும் என் விரல்களிலுமே வாழ்ந்தன.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில், பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளும் இப்போது ஓர் ஆசிரியை. “ஐயா, மழைப்பாட்டின் சொற்கள் நினைவில் இருக்கின்றன, சரணத்தின் மெட்டுத்தான் மறந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருமுறை பாடிக் காட்டுகிறீர்களா?” என்று கேட்டாள். ஆர்மோனியத்தைத் திறந்தேன். பல்லவி வந்தது. சரணத்தில் விரல்கள் நின்றுவிட்டன. கைநடுக்கம் ஒரு பக்கம், மறதி மற்றொரு பக்கம். “பிறகு சொல்கிறேன், அம்மா” என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். இன்று ஒரு சரணம் போயிற்று; நாளை எஞ்சிய பத்துப் பாடல்களும் இவ்வாறே போகுமன்றோ என்ற எண்ணம் அன்றிரவு உறங்கவிடவில்லை.

“கணிப்பொறியில் பதிந்து வைக்கலாமே, தாத்தா” என்றான் பேரன். நானும் ஆர்வத்தில் அவசரப்பட்டேன். ஒரு முழு மேனாட்டு வாத்தியக் குழுவின் ஒலிகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை, இரண்டு மாத ஓய்வூதியத்தைக் கொடுத்து இணையத்தின் வழியே வாங்கினேன். அதனை இறக்கி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. எங்கள் கணிப்பொறியின் நினைவகமோ 8 ஜிகாபைட். நான்கு வயலின்களை ஒலிக்கச் செய்தவுடன் பொறி திணறி நின்றது. பணத்தைத் திரும்பக் கேட்டேன். பதிவிறக்கிய பொருளுக்கு அவ்வழக்கம் இல்லை என்று விடை வந்தது. விற்றவர்மேல் குற்றம் இல்லை. மழைப்பாட்டுக்கு எத்தனை வயலின்கள் வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒன்றுகூட வேண்டியதில்லை என்பதே அதற்கு விடை.

இனிப் பாடத்திற்கு வருவோம். இல்லத்து இசைக்கூடத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, இசையைப் பதிந்து, அடுக்கி, திருத்தி, கலந்து தரும் மென்பொருள். இதனை நம் ஏடு என்று கொள்வோம். இரண்டாவது, அந்த ஏட்டில் எழுதியதை ஒலியாக்கும் மெய்நிகர் இசைக்கருவிகள். இவர்கள் நம் வாத்தியக்காரர்கள். மூன்றாவது, விசைப்பலகை, ஒலிவாங்கி, ஹெட்ஃபோன் ஆகிய கைப்பொருள்கள்.

ஏட்டிற்கும் வாத்தியக்காரருக்கும் இடையே நடக்கும் பேச்சிற்கு மிடி என்று பெயர். 1983ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலிக்கக் காட்டினர். மிடி என்பது ஒலியன்று, கட்டளை. இன்ன சுரத்தை, இவ்வளவு அழுத்தத்தில், இவ்வளவு நேரம் வாசி என்னும் குறிப்பு. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பியானோவின் நடுக் கட்டைக்கு எண் 60. ஒலியாகப் பதிந்தால், குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். அதே பாட்டின் மிடிக் குறிப்போ ஒரு கடிதத்தின் அளவில் அடங்கும். அன்றியும், தவறான ஒரு சுரத்தை மட்டும் அழித்துத் திருத்தவும் இயலும். நடுங்கும் கையினர்க்கு இஃது ஒரு பேருதவி.

கருவிகள் இருவகைப்படும். மெய்யான குழலையோ வீணையையோ சுரம் சுரமாகப் பதிந்து தொகுத்தவை ஒருவகை. இவை இயற்கையாக ஒலிக்கும். இடத்தையும் நினைவகத்தையும் மிகுதியாகக் கொள்ளும். கணக்கின் வழியே ஒலியைப் புதிதாக உண்டாக்குபவை மற்றொரு வகை. இவை சிறியவை. 1996ஆம் ஆண்டில் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் பொதுமுறையை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, இசைக்கருவிகளையும் ஏட்டினுள் கொண்டுவர வழிசெய்தது. அதனாலேயே ஒருவர் செய்த ஏட்டில் மற்றொருவர் செய்த கருவியை இன்று நாம் பொருத்திக்கொள்ள முடிகிறது.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு நான் நான்கு வினாக்களை வகுத்துக்கொண்டேன்.

முதல் வினா: என் பாட்டுக்கு எது வேண்டும்? மேனாட்டு முறையில் சுரக் குறியீடு எழுதுவோர்க்கு மியூஸ்கோர் இருக்கிறது. அதற்கு விலை இல்லை. தாளத்தையும் மின்னொலிகளையும் அடுக்கி விளையாட விரும்பும் இளைஞர்க்கு எல்.எம்.எம்.எஸ். இருக்கிறது, அதற்கும் விலை இல்லை. தம் குரலை மட்டும் பதிவோர்க்கு ஆடாசிட்டி போதும். ஆப்பிள் கணிப்பொறி வைத்திருப்போர் கராஜ்பேண்டை விட்டு வேறொன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. குரலும் கருவியும் சேர்ந்து வேண்டுவோர்க்கு ரீப்பர் பொருந்தும். அதனை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்து, மனம் ஒப்பினால் விலை கொடுக்கலாம்.

இரண்டாம் வினா: என் பொறி தாங்குமா? விசையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், கணிப்பொறி 1,024 மாதிரிகளைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினால், அதனால் மட்டும் 23 மில்லி வினாடி தாமதம் ஆகும். ஏறத்தாழ 8 மீட்டர் தள்ளி அமர்ந்தவர் வாசிப்பதைக் கேட்பது போன்றது அது. அவ்வெண்ணை 256 ஆகக் குறைத்தால் தாமதம் 6 மில்லி வினாடிக்குள் அடங்கும். ஆனால் பொறியின் உழைப்பு மிகும். ஆகவே கனமான கருவிகள் பலவற்றைவிட, இலேசான கருவிகள் சிலவே எளிய வீட்டுக்கு உகந்தவை.

மூன்றாம் வினா: நம் இசை இதில் பேசுமா? இவ்வினாவின் அருமையை வானொலி நேயர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971ஆம் ஆண்டில்தான் அவ்விலக்குத் தளர்ந்தது. கட்டைக்குக் கட்டை தாவும் கருவியில் கமகம் பேசாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கணிப்பொறியின் விசைப்பலகைக்கும் அதே குறை உண்டு. ஆயினும் மாற்று உண்டு. சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று விசைப்பலகையில் இருக்கும். மிடி முறையில் அவ்வளைவு 16,384 படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் தொடக்கத்தில் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே அது வளையும்; அந்த எல்லையை விரிக்க இடந்தருகிறதா என்று பார்த்தே கருவியைத் தேர்தல் வேண்டும். சுருதியும் அவ்வாறே. ஷட்ஜத்தின் அதிர்வு 240 எனில், தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் 300. கணிப்பொறிக் கருவிகள் வழக்கமாகத் தருவதோ 302-க்குச் சற்று மேல். சிறிய வேறுபாடுதான், நீண்டு ஒலிக்கையில் செவி அதனை உணரும். சர்ஜ் எக்ஸ்டி என்னும் விலையில்லாக் கருவியில் நமக்கு வேண்டிய சுருதி முறையை நாமே அமைத்துக்கொள்ளலாம். இவையனைத்தும் போதாவிடத்தில், வாய் திறந்து பாடிப் பதிவதே நேர்வழி.

நான்காம் வினா: நாளை இஃது இல்லாமற்போனால் என் பாட்டு என்னாகும்? 2017ஆம் ஆண்டு நவம்பரில், பல்லாண்டு பலர் கையாண்ட கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சிப் பணியை அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் நிறுத்தியது. அடுத்த ஆண்டில் வேறொரு நிறுவனம் அதனை வாங்கி உயிர்ப்பித்தது. எல்லாவற்றிற்கும் அந்த நல்லூழ் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஆதலால் ஒவ்வொரு பாட்டையும் முடித்தவுடன் ஒலிக்கோப்பாக ஒன்று, மிடிக்கோப்பாக ஒன்று என இருவகையாக வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்துவிடுகிறேன். இவ்விரண்டையும் வேறு எந்த ஏட்டிலும் திறக்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். என் பணம் போன செய்தியைக் கேட்டு, அறிமுகமான கடைக்காரர் ஒருவர், “ஐயா, எல்லா மென்பொருளும் பூட்டு உடைத்தது என்னிடம் இருக்கிறது. ஒரு பென்டிரைவ் கொண்டுவாருங்கள், பணம் வேண்டாம்” என்றார். அன்பினாலேயே சொன்னார். நானும் பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தெருமுனை வரை நடந்தும்விட்டேன். தேர்வில் பார்த்து எழுதிய சிறுவர்கள் எத்தனை பேரை நிறுத்திக் கண்டித்திருப்பேன்! அவர்கள் முகங்கள் நினைவுக்கு வந்தன. பிள்ளைகளுக்கான பாட்டைத் திருடிய ஏட்டில் எழுதுவதா? திரும்பி வந்துவிட்டேன். அறம் ஒருபுறம் இருக்க, பூட்டு உடைத்த மென்பொருளோடு கணிப்பொறிக்குக் கேடு செய்யும் நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. முறையாகவே விலையின்றிக் கிடைப்பவை இத்தனை இருக்க, திருட்டுக்கு என்ன தேவை?

முடிவில் நான் தேர்ந்தது இவ்வளவே. ஏடாக ரீப்பர், 60 நாள் கழிந்தபின் விலை கொடுத்து உரிமம் பெற்றேன். கருவிகள் மூன்று: தம்புராச் சுருதி ஒன்று, ஆர்மோனியம் ஒன்று, குழல் ஒன்று. குழல், வெர்சிலியன் நிறுவனத்தார் யாவர்க்கும் பொதுவாக வழங்கியுள்ள விலையில்லாத் தொகுப்பிலிருந்து எடுத்தது. இரண்டு மாதம் வேறெதையும் நாடுவதில்லை என்று எனக்கு நானே ஓர் ஆணை இட்டுக்கொண்டேன். புதுப் புதுக் கருவிகளைத் தேடுவது இசை அமைப்பது போலவே தோன்றும். மாலைப் பொழுது முழுவதும் அதில் கழிந்துவிடும். பாட்டு ஓர் அடியும் நகராது. இதனை நான் பட்டறிந்தேன்.

நாள்தோறும் மாலையில் தம்புராவை ஒலிக்கவிட்டு, மழைப்பாட்டின் பல்லவியைப் பாடினேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பல்லவி முடிந்த மூச்சிலேயே சரணம் தானாக வந்தது. உடனே குரலில் பதிந்தேன். பின்னர்க் குழலில் அதனை ஒவ்வொரு சுரமாக எழுதி, மாணவிக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவள் அழைத்தாள். “ஐயா, கேட்டவுடனே எனக்கும் நினைவு வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் அடியின் முடிவில் நாங்கள் இறங்கிப் பாடுவோம், நீங்கள் ஏறிவிட்டீர்கள்” என்று சொல்லி, பாடியும் காட்டினாள். அவள் சொன்னதே சரி. அமர்ந்து இரண்டு சுரங்களை மாற்றினேன். அரை நிமிட வேலை. இப்போது மழைப்பாட்டு அவளுடைய வகுப்பறையில் இருக்கிறது. எஞ்சிய பத்துப் பாடல்களில் ஆறு முடிந்தன, நான்கு காத்திருக்கின்றன.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் எழுதப்படாத மெட்டு ஒன்று இருக்கக்கூடும். பாட்டியின் தாலாட்டாகவோ, நடவுப் பாட்டாகவோ, நீங்களே இளமையில் முணுமுணுத்த ஒன்றாகவோ இருக்கலாம். சிறந்த மென்பொருள் எது என்று ஆராய்ந்து முடிக்கும்வரை அது காத்திராது. முதலில் அதனைப் பாடிக் கைப்பேசியிலேனும் பதிந்து வையுங்கள். அதன்பின் அந்தப் பாட்டையே கேளுங்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. அது கேட்பதை மட்டும் வாங்குங்கள்.