படமும் சட்டமும்



தருமபுரி வட்டாரப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, மாணவன் ஒருவன் ஒகேனக்கல் அருவியை நீர்வண்ணத்தில் தீட்டித் தந்தான். மகிழ்ச்சி மிகுதியால் அதனைக் கண்ணாடியோடு ஒட்டியே சட்டமிடச் செய்தேன். இரண்டு மழைக்காலங்களில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியைப் பற்றிக்கொண்டது. பிரித்தபோது பாதி அருவி கண்ணாடியோடு போயிற்று. "வேறு வரைந்து தரட்டுமா, ஐயா?" என்றான் அவன். அவ்வினா இன்றும் என்னை உறுத்துகிறது.

நடுவில் வெட்டிய மவுண்ட் அட்டையைப் படத்தின்மேல் வைப்பது அழகுக்காக மட்டுமன்று. கண்ணாடி படத்தைத் தொடாமல் காப்பதும் அதுவே. அதன் கீழ்விளிம்பு மற்ற மூன்றினும் சற்றே அகன்றிருக்கட்டும்; இன்றேல் படம் கீழே இறங்குவதுபோல் தோன்றும். மலிவான மரக்கூழ் அட்டையில் அமிலம் உண்டு. நாளடைவில் அது தாளைப் பழுப்பாக்கும். படம் முழுவதையும் பசையிட்டு ஒட்டாதீர்கள். மேல்விளிம்பில் மட்டும் மாவுப்பசை தடவிய மெல்லிய தாள்துண்டுகளால் பிணைத்தால் போதும்.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாயின. ஆண்டு முடிந்ததும் அவற்றை வெட்டிச் சட்டமிட்டு வழிபட்ட வீடுகள் பல. அத்தகைய படத்திற்குப் பொன்வண்ணச் சட்டம் பொருந்தும். பென்சில் ஓவியத்திற்கோ அது பெருஞ்சுமை. மெல்லிய கருஞ்சட்டமே ஏற்றது. என் வீட்டார் இதனை ஒப்புவதில்லை!

அம்மாணவன் மறுபடி வரைந்த அருவி, மவுண்ட் அட்டையுடன், வெயில் படாத சுவரில் தொங்குகிறது.