தேங்காய் நாருக்கு ஒரு குளியல்

கார் நிக்கோபாரில் வீட்டைச் சுற்றித் தென்னைதான். கொப்பரை கப்பலேறுகிறது. மட்டையோ பெரும்பாலும் அடுப்புக்குப் போகிறது.

அந்த மட்டை நாரைப் பிசினில் பதித்தால் பலகை செய்யலாம். ஆனால் நாரை அப்படியே பதித்தால் பலகைக்கு வலு இருக்காது. ஏன்? நாரின் மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கிறது. எண்ணெய்க் கையில் பசை ஒட்டுமா? அதுபோலத்தான்.

வழி எளிது. காஸ்டிக் சோடா என்ற காரத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, நாரை அதில் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மெழுகு கழன்றுவிடும். நார் சொரசொரப்பாகும். பிசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிசின் பிடித்தால்தான் பலகைக்கு வலு.

இது பழைய வித்தைதான். பருத்தி நூலைக் காரத்தில் ஊறவைக்கும் முறைக்கு ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காரம் கூடினால் நாரே இற்றுப்போகும். ஊறிய நாரை நன்றாக அலசி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். நம் தீவு மழையில் அதுதான் பெரிய வேலை.

காஸ்டிக் சோடா தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அலசிய தண்ணீரைக் கடலில் விடாதீர்கள். அங்கே பவளப்பாறைகள் இருக்கின்றன.