பெரிய மனிதர் சொன்னார் என்பது ருசுவாகுமா?



இன்று நாம் மின்சாரத்தைப் பற்றியும் காந்தத்தைப் பற்றியும் இரண்டொரு விஷயங்கள் சொல்ல ஆசைப்படுகின்றோம். இது பட்டணத்துப் படிப்பாளிகளுக்குரிய சங்கதி, நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ணவேண்டியதில்லை. "பெரிய மனிதர் ஒருவர் சொல்லிவிட்டார், ஆகையால் அது உண்மை" என்று சொல்லுவது நம் மக்களிடம் நெடுநாளாய் இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கம் மேல்நாட்டு விஞ்ஞானிகளிடத்திலும் அடியோடு இல்லாமலில்லை. ஆனால் அங்கே அதற்கு என்ன கதி நேர்ந்தது என்பதைக் காட்டவே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

தோழர்களே! இஸ்திரிப் பெட்டி ஏன் சுடுகின்றது? கம்பிக்குள் எலெக்ட்ரான் என்னும் நுண்ணிய துகள்கள் ஓடுவதையே மின்சாரம் என்கின்றோம். கம்பியிலுள்ள அணுக்கள் சும்மா இருப்பதில்லை; ஆடிக்கொண்டே இருக்கின்றன. சந்தைக் கூட்டத்தில் ஓடுகிறவன் இடிபடுவது போல எலெக்ட்ரான்கள் அவற்றால் இடிபடுகின்றன. இதற்குத் தடை என்று பெயர். இந்த இடிபாடுதான் சூடாக வெளிப்படுகின்றது.

அப்படியானால் கம்பியை மிகமிகக் குளிரச் செய்தால் என்னவாகும்? கெல்வின் பிரபு என்ற பேர்போன விஞ்ஞானி, கடுங்குளிரில் எலெக்ட்ரான்களும் உறைந்துபோய் மின்சாரம் ஓடவே ஓடாது என்று கருதினார். வேறு சிலர், தடை கொஞ்சங் கொஞ்சமாகக் குறையும் என்றார்கள். வெறும் வாதம் மாத்திரமாக இருந்திருந்தால் இரு கட்சியாரும் இன்றுவரை வாதாடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்துப் பேராசிரியர் காமர்லிங் ஓன்னஸ் என்பவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1908ல் ஹீலியம் என்னும் வாயுவைத் திரவமாக்கினார். 1911ல் அத்திரவத்தின் குளிரிலே பாதரசத்தை வைத்து அதன் தடையை அளந்து பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி சென்டிகிரேடில் தடை திடீரென்று மறைந்துபோயிற்று! பிரபு சொன்னதும் நடக்கவில்லை. மற்றவர்கள் சொன்னபடியும் நடக்கவில்லை. 1914ல் ஈயக் கம்பிச் சுருளொன்றில் மின்சாரத்தை ஓடவிட்டு, மின்சாரம் கொடுத்த கருவியை அகற்றிய பிறகும் மணிக்கணக்காக அது குறையாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினார். இப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர்.

1933ல் பெர்லினில் மைஸ்னர், ஓக்சன்பெல்டு என்ற இருவர் மற்றோர் அதிசயத்தைக் கண்டார்கள். மீக்கடத்தியானது தன்னுள்ளிருக்கும் காந்தப் புலத்தை வெளியே தள்ளிவிடுகின்றது. ஆகவே அதன்மேல் ஒரு சிறு காந்தத்தை வைத்தால் அது அந்தரத்தில் மிதக்கும். கயிறு கிடையாது, தாங்கல் கிடையாது, மந்திரமும் கிடையாது. மீக்கடத்தியின் குளிர் நீங்கினால் காந்தம் விழுந்துவிடும். மறுபடி குளிரவைத்து மேலே வைத்தால் மறுபடி மிதக்கும். செய்கிறவன் ஆஸ்திகனாயிருந்தாலும் நாஸ்திகனாயிருந்தாலும் மிதக்கும். அந்தரத்தில் மிதக்கும் பொருள் இருக்கின்றது என்று யாராவது சொன்னால், "யார் செய்தாலும் மிதக்குமா? எந்தக் குளிரில் விழும்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பதில் சொல்லக்கூடியது விஞ்ஞானம். கேட்டதற்குக் கோபித்துக்கொள்வது வேறு ஏதோ ஒன்று.

இதற்குக் காரணம் என்னவென்று சொல்ல விஞ்ஞானிகளுக்கு 46 வருஷங்கள் பிடித்தன. அமெரிக்காவில் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் என்ற மூவர் 1957ல் விளக்கினார்கள். கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் பள்ளம் விழுகின்றது. பக்கத்திலிருப்பவர் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிகின்றார் அல்லவா? அதுபோல ஓர் எலெக்ட்ரான் சுற்றியுள்ள அணுக்களைத் தன்பக்கம் சிறிது இழுக்க, அந்த இழுப்பில் இன்னொரு எலெக்ட்ரான் சிக்கி இரண்டும் ஜோடியாகின்றன. கோடானு கோடி ஜோடிகளும் சேர்ந்து ஒரே அலை போல நடக்கின்றன. ஒரு ஜோடியை மட்டும் தனியே இடறிவிடச் சிறு ஆட்டத்தால் முடியாது. ஆகையால் தடையில்லை. அணுவுக்குள் மட்டுமே காணக்கூடியது என்று எண்ணியிருந்த குவாண்டம் சட்டம் இவ்விதம் கையில் எடுக்கும் ஈயத் துண்டிலேயே வேலை செய்கின்றது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம்.

1962ல் இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர் ஒரு கணக்கைப் போட்டார். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத பொருளை மிகமிக மெல்லிய சுவராக வைத்தாலும், எலெக்ட்ரான் ஜோடிகள் அலையாகக் கசிந்து அச்சுவரைக் கடந்து போகும், அதற்கு மின் அழுத்தமே வேண்டியதில்லை என்றார். அழுத்தம் கொடுத்தாலோ மின்சாரம் முன்னும் பின்னுமாக ஆடும் என்றும், வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு வினாடிக்குச் சுமார் 48 கோடித் தடவை ஆடும் என்றும் அக்கணக்கிலிருந்து கிடைத்தது.

இதை மறுத்தவர் யார் தெரியுமா? அதே பார்டீன்! டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அதற்காக 1956ல் நோபல் பரிசு பெற்றவர். மீக்கடத்தியின் விளக்கத்தையே தந்தவர். இந்த ஜோடிகள் சுவரைக் கடக்கமாட்டா என்று அச்சிலேயே எழுதினார். அதே வருஷம் லண்டனில் நடந்த மகாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். ஒரு பக்கம் உலகம் போற்றும் ஆசிரியர். மறுபக்கம் படிப்பு முடியாத பையன். நம் நாட்டிலானால், "வாயை மூடிக்கொண்டு உட்கார், குருவை எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லியிருப்போம்.

அங்கே என்ன நடந்தது? 1963ல் ஆண்டர்சன், ரோவெல் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் அளந்து பார்த்தார்கள். பையன் சொன்னது சரியாயிற்று. பார்டீன் தம் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொண்டார். அதனால் அவருக்கு என்ன குறைந்துபோயிற்று? மீக்கடத்தி விளக்கத்துக்காக 1972ல் இரண்டாவது முறையாகவும் நோபல் பரிசு பெற்றார். ஜோசப்சன் 1973ல் பெற்றார். இன்று உலகத்து ஆராய்ச்சிச்சாலைகளில் வோல்ட் என்னும் அளவைச் சரிபார்ப்பதே அந்தச் சுவர்களைக் கொண்டுதான்.

ஆனால் தோழர்களே! கதை இதோடு முடியவில்லை. இதே ஜோசப்சன், ஒருவர் மனதிலுள்ளதை இன்னொருவர் மனதாலேயே அறியமுடியும் என்னும் கொள்கைக்குப் பிற்காலத்தில் ஆதரவாகப் பேசிவந்தார். நோபல் பரிசு பெற்றவர் சொல்லுகின்றாரே என்று விஞ்ஞான உலகம் அதை ஒப்புக்கொண்டதா? இல்லை. அவருடைய கணக்கு அளவுக்கு நின்றது, ஏற்றார்கள். இது அப்படி நிற்கவில்லை, ஏற்கவில்லை. அவருக்கு வயது 22ஆக இருந்தபோது பெயரில்லை என்று தள்ளாததும், பெயர் வந்த பின் பெயருக்காக ஏற்காததும் ஒரே நியாயம்தான்.

2023 ஜூலையிலும் இந்த நியாயம் வேலை செய்தது. கொரியா தேசத்தில் சிலர், குளிரே வேண்டாத மீக்கடத்தியைக் கண்டுவிட்டோம் என்று ஒரு துண்டு மிதக்கும் படத்தையும் காட்டினார்கள். உலகமே பரபரப்படைந்தது. பல தேசத்து ஆராய்ச்சிச்சாலைகள் தாங்களே அப்பொருளைச் செய்து பார்த்தன. சில வாரங்களுக்குள், தடை திடீரென்று குறைந்ததாகத் தோன்றியதற்குக் காரணம் அதில் கலந்திருந்த செம்புக் கந்தக அழுக்கு என்று வெளியாயிற்று. யாரையும் கழுவிலேற்றவில்லை, ஊரை விட்டுத் தள்ளவுமில்லை. செய்து பார்த்தார்கள், இல்லையென்றார்கள், அவ்வளவுதான்.

இதனாலெல்லாம் ஏழைக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்களானால், உடம்பில் கத்தி வைக்காமல் உள்ளிருப்பதைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தைப் பாருங்கள். அதிலுள்ள பெரிய காந்தம் சாதாரணமாக நயோபியம், டைட்டானியம் கலந்த மீக்கடத்திக் கம்பிச் சுருள்தான். திரவ ஹீலியத்தின் குளிரில் அதில் தடையின்றி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. 1911ல் ஒருவர் பாதரசத்தை அளந்து பார்த்ததன் பலன் இன்று நோயாளிக்கு உதவுகின்றது.

ஆகவே தோழர்களே! பெரியவர்களுக்கு மரியாதை செய்யுங்கள். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மரியாதை வேறு, ருசு வேறு. வீட்டிலே பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "பெரியவர்கள் சொல்லியிருக்கின்றார்கள், பேசாமலிரு" என்று அதட்டாதீர்கள். "வா, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இப்போது நாம் சொன்னவற்றையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. படித்தவர்களைக் கேளுங்கள், சோதனை நடக்குமிடத்தில் போய்க் கண்ணால் பாருங்கள், பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.