பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம்

(நமது அறக்கட்டளை நடத்திய சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)





கடையில் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தால் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கனவே உண்டு. ஹலால் முத்திரை இருக்கிறதா, ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று தேடுகிறோம். அதே பார்வையைச் சற்று நகர்த்தினால் சத்து விவர அட்டவணை கண்ணில் படும். அதில் உள்ள ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். 'கார்போஹைட்ரேட்' என்று போட்டிருக்கும் வரி அது; தமிழில் மாவுச்சத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தக் கூட்டத்தில் அந்த நோயாளி இல்லாத குடும்பம் ஒன்றாவது இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

முகாம்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "நான் சீனியைத் தொடுறதே இல்லை. டீக்குக்கூட சுகர் ஃப்ரீ பிஸ்கட்தான். அப்படியும் சர்க்கரை இறங்க மாட்டேங்குது." சொல்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பாக்கெட்டும் பொய் சொல்லவில்லை. நமது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போடலாம். அந்த வாசகம் சர்க்கரையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிஸ்கட்டில் இருக்கும் மைதாவைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. மைதாவானாலும் கோதுமையானாலும் அதன் மாவுச்சத்து செரித்தபின் குளுக்கோஸாகத்தான் இரத்தத்தில் சேருகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டில் 100 கிராமுக்கு 70 கிராம் கார்போஹைட்ரேட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிஸ்கட் 8 கிராம். மாலையில் பேச்சுவாக்கில் ஆறு பிஸ்கட் சாப்பிட்டால் 48 கிராம். எழுபதை நாற்பத்தெட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் 33.6 கிராம் மாவுச்சத்து. இது ஏறத்தாழ 120 கிராம் வெந்த சோற்றில் இருக்கும் அளவு. டீயோடு சோறு சாப்பிட்ட கணக்கு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை; இரத்தத்தில் மட்டும் பதிவாகிவிடுகிறது.

பேரீச்சம்பழப் பாக்கெட்டில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று இருக்கும். அதுவும் உண்மைதான். ஆனால் பேரீச்சையில் 100 கிராமுக்கு 75 கிராம் அளவில் மாவுச்சத்து, பெரும்பாலும் இயற்கைச் சர்க்கரையாகவே இருக்கிறது. கொட்டை நீக்கி 8 கிராம் வரும் சிறிய பழத்தில் 6 கிராம். 24 கிராம் வரும் பெரிய பழத்தில் 18 கிராம். நோன்பு திறக்கும்போது மூன்று பழம் என்றால், எந்தப் பழம் என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே முதல் செய்தி: பாக்கெட்டின் முன்பக்கம் விற்பவர் நம்மிடம் சொல்ல விரும்புவது. பின்பக்க அட்டவணை, சட்டம் அவரைச் சொல்ல வைப்பது. நாம் படிக்க வேண்டியது பின்பக்கத்தை. அதில் 'டோட்டல் சுகர்ஸ்' என்ற வரியோடு நிற்காமல், மொத்த கார்போஹைட்ரேட் வரியைப் பார்க்க வேண்டும். பொருள்களின் பட்டியலையும் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதலில் மைதா இருந்தால், முகப்பில் ராகிப் படம் போட்டிருந்தாலும் அது மைதா பிஸ்கட்தான். பட்டியலில் 'மால்டோடெக்ஸ்ட்ரின்' இருந்தால், அது இனிக்காமலேயே சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுப்பொருள். சுகர் ஃப்ரீ இனிப்புகளில் சேர்க்கும் 'மால்டிட்டால்' என்பதும் ஓரளவுக்குச் சர்க்கரையை ஏற்றும். அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் வரும்.

இரண்டாவது செய்தி, குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு. எண்ணைத் தவறான பொருளுக்குப் பொருத்தினால், படிக்காமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து வரும். அரிசிப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு சுமார் 78 கிராம் என்று இருக்கும். அது பச்சரிசியோ புழுங்கலரிசியோ, சமைக்காத அரிசியின் கணக்கு. தண்ணீர் குடித்து வெந்தபின் 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருக்கும். தட்டில் உள்ள 150 கிராம் சோற்றுக்கு மாவுச்சத்து சுமார் 42 கிராம். பாக்கெட் எண்ணை அப்படியே வைத்துப் பெருக்கினால் 117 கிராம் வரும். அந்தத் தப்புக் கணக்குக்கு ஏற்ப இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சேமியா, ஓட்ஸ், நூடுல்ஸ் எல்லாவற்றிலும் இது சமைக்காத எடையின் கணக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் நம் பிள்ளைகள் பெட்டி நிறையப் பாக்கெட்டுகள் கொண்டு வருகிறார்கள். நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். அமெரிக்கப் பாக்கெட்டில் மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். பிரிட்டன், ஐரோப்பியப் பாக்கெட்டில் நார்ச்சத்தை ஏற்கனவே நீக்கிவிட்டுத் தனி வரியில் போடுவார்கள். 'நார்ச்சத்தைக் கழித்துக்கொள்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பாக்கெட்டிலும் கழித்தால், இரண்டு முறை கழித்ததாகிவிடும். உணவியல் நிபுணரிடம் கேட்காமல் எதையும் கழிக்க வேண்டாம்.

மூன்றாவது செய்தி: சரியாகப் படித்தாலும் அந்த எண் தராசுத் துல்லியம் கொண்டது அல்ல. மாதிரிகளைச் சோதித்தோ, சேர்மானங்களைக் கணக்கிட்டோ அதைப் போடுகிறார்கள். கையில் உள்ள பாக்கெட்டில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். அமெரிக்காவில் சர்க்கரையின் அளவு அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கூடினாலும் விதிமீறலாகக் கொள்வதில்லை. அதோடு ஒரே அளவு மாவுச்சத்து எல்லோர் உடலிலும் ஒரே மாதிரி ஏறுவதும் இல்லை. எனவே அட்டவணையைப் பார்த்துச் சாப்பிடுவோம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் சரிபார்ப்போம். புதிய பொருள் ஒன்றை இரண்டு மூன்று முறை இப்படிச் சோதித்து நோட்டில் எழுதி வைத்தால், மருத்துவருக்கும் அது பெரிய உதவி. மாத்திரை, இன்சுலின் அளவை மாற்றுவது அவர் பொறுப்பு. பாக்கெட்டைப் பார்த்து நாமாக மாற்றக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது 15 கிராம் அளவில் குளுக்கோஸ் அல்லது சீனி உடனே தேவை. சீனி என்றால் மூன்று தேக்கரண்டி. அந்த நேரத்தில் 'ஜீரோ சுகர்' பானத்தைக் கொடுத்தால் எந்தப் பலனும் இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பை நிறைய பிஸ்கட்டும் சத்துப்பான மாவும் பழரசப் பெட்டியும் வாங்கிப் போவது நம் வழக்கம். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது என்பது 2024-இல் தெளிவுபடுத்தப்பட்டது. '100 சதவீதப் பழரசம்' என்ற வாசகத்தை நீக்கச் சொல்லியும் அதே ஆண்டு உத்தரவு வந்தது. அன்போடு கொடுப்பது நோயாளியைச் சோதனையில் தள்ளிவிடக் கூடாது. முட்டையோ, வேர்க்கடலையோ, சுண்டலுக்குக் கொண்டைக்கடலையோ வாங்கிக் கொடுங்கள்.

இளைஞர்களே, இந்த அட்டவணை பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. உங்கள் வாப்பாவாலும் உம்மாவாலும் அதைப் படிக்க முடியாமல் போகலாம். நீங்கள் படித்த படிப்பு இதற்கும் பயன்படட்டும். வீட்டில் உள்ள டப்பாக்களின் மேல், ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முகாமுக்கு வரும்போது வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் பாக்கெட்டுகளின் உறைகளையும் கொண்டு வாருங்கள். உணவியல் நிபுணரை வைத்து, உறை உறையாகப் படித்து விளக்க ஏற்பாடு செய்கிறோம். உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.

வஸ்ஸலாம்.