காலடி மண்ணையும் பார்ப்போம்



எங்க வீடு குழுக் கடனில் கட்டியது. போன ஐப்பசி மழையில் குளியலறைக்குப் பின்னால் மண் ஒரு முழம் உள்வாங்கிடுச்சு. சுவரில் விரல் நுழையும் விரிசல். என் சின்னப் பொண்ணு ரெண்டடி தள்ளித்தான் விளையாடிட்டு இருந்தா. மாமியார், "பெருச்சாளி வேலை" என்றார். தோண்டிப் பார்த்தால் கழிவுநீர்க் குழாய் உடைந்து, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாய் மணலை அரிச்சிருக்கு. மேலே சிமெண்டுத் தரை, கீழே வெறும் பள்ளம்! சரிசெய்யக் குழுதான் உள்கடன் கொடுத்தது.

2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணாசாலையில், மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்தில் பஸ்சும் காரும் பள்ளத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கா? 2023 ஜனவரியில் உத்தரகாண்ட் ஜோஷிமட்டில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டு, சனங்க வீட்டைவிட்டு வெளியேறினாங்க. காரணம் வேற வேற. ஆனா, அடிமண் போனா மேலே எதுவும் நிக்காது.

தோணியில ஓட்டை தெரிஞ்சா அன்னைக்கே அடைக்கிறோம். வீட்டுக் குழாய்க் கசிவையும் அப்படியே அடைங்க. பழைய கிணறு, போர் குழியைக் குப்பை போட்டு மூடாதீங்க. குப்பை மக்கினா மறுபடி உள்வாங்கும். விரிசல் பக்கத்தில் தேதி எழுதி வையுங்க. பெரிசானா அந்த அறையில் படுக்காம, பஞ்சாயத்துக்குச் சொல்லுங்க.

இன்னொண்ணு. 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில், வீடு நிற்கும் நிலம் உள்வாங்கினாலும் இழப்பீடு உண்டு. கட்டுமானக் குறையால் வந்த சேதத்துக்குக் கிடையாது. வங்கிக்குப் போகும்போது விவரம் கேளுங்க.

கடன் அடைக்கும் வரை வீடும் நிக்கணும் இல்லையா?